போர்க்கள வீடியோ நிஜமா, செட்டப்பா? உட்கார்ந்து சரிபார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்காவது போர் தொடங்கிவிட்டால் போதும், சில மணி நேரத்திலேயே வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் எக்ஸ் தளத்திலும் வீடியோக்கள் கொட்ட ஆரம்பித்துவிடும். பாதிப் பேர் "ஐயோ பாவம்" என்பார்கள், மீதிப் பேர் "இதெல்லாம் செட்டப்பு" என்பார்கள். இரண்டு தரப்பும் அதை ஒரே ஒரு தடவை, அதுவும் கைப்பேசித் திரையில், ஓடுகிற ஓட்டத்தில் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு சொல்கிறது.

முதல் வேலை, கேள்வியைப் பிரிப்பது. "உண்மையா?" என்பதற்குள் நாலு கேள்வி இருக்கிறது. கேமரா நிஜமாகவே எதையோ படம்பிடித்ததா, அல்லது கணினியில் உருவானதா? சொல்லப்படுகிற இடம்தானா? சொல்லப்படுகிற நாள்தானா? இதெல்லாம் சரி என்றால், அங்கே நடந்தது தானாக நடந்ததா, கேமராவுக்காக நடத்திக் காட்டியதா? எல்லோரும் எடுத்த எடுப்பிலேயே கடைசிக் கேள்விக்குத் தாவுகிறார்கள், இருப்பதிலேயே கஷ்டமானது அதுதான். முதல் மூன்றை ஒழுங்காகப் பார்த்தாலே பெரும்பாலான வீடியோக்களின் கதை முடிந்துவிடும், ஏனென்றால் பொய் பெரும்பாலும் படத்தில் இருப்பதில்லை, மேலே ஒட்டிய கேப்ஷனில்தான் இருக்கிறது.

படி 1: பகிராதீர்கள், சேமியுங்கள், பழைய பிரதியைத் தேடுங்கள்

வந்த வீடியோவை அப்படியே தரவிறக்கி வையுங்கள், பக்கத்தின் முகவரியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். போர் வீடியோக்கள் சீக்கிரம் அழிக்கப்படும், நாளைக்கு அது அங்கே இருக்கும் என்று நம்பவேண்டாம். கொடூரமான காட்சி என்றால் ஒலியை அணைத்து, சன்னலைச் சின்னதாக்கி, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். தொடர்ந்து இதைச் செய்கிறவர்களுக்கு மனசு கெடுவதற்குப் பாதிக் காரணம் ஒலிதான்.

அப்புறம் நாலைந்து நல்ல ஃபிரேம்களை எடுத்துப் படத்தை வைத்துத் தேடவேண்டும். இன்விட் என்ற பிரவுசர் நீட்சி வீடியோவைத் தானாகவே முக்கிய ஃபிரேம்களாக உடைத்துக் கொடுக்கும். அவற்றைக் கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் போடுங்கள். மூன்றும் ஒரே பதிலைத் தராது. எதுவும் சிக்கவில்லையா? படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டுத் தேடுங்கள், தேடுபொறியை ஏமாற்ற அப்படிக் கண்ணாடிப் பிம்பமாக்குவது பழைய தந்திரம். நீங்கள் தேடுவது அதிகம் பேர் பார்த்த பிரதியை அல்ல, முதன்முதலில் ஏறிய பிரதியை. கேப்ஷன் சொல்லும் நாளுக்கு ஒரு நாள் முன்னால் ஒரே ஒரு பிரதி கிடைத்தாலும் வேலை முடிந்தது.

2019 அக்டோபரில் அமெரிக்காவின் ஏபிசி நியூஸ், சிரியாவின் தல் அப்யத் நகரைத் துருக்கி தாக்குவதாகச் சொல்லி ஒரு இரவுக் காட்சியை ஒளிபரப்பியது. அது கென்டக்கி மாநிலத்தில் நாப் கிரீக் என்ற துப்பாக்கிப் பயிற்சித் திடலில் 2017இல் எடுத்த கேளிக்கைச் சுடுதல். மூல வீடியோவில் முன்வரிசைப் பார்வையாளர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருப்பது தெரிகிறது. சேனல் மன்னிப்புக் கேட்டது. அதேபோல 2015இல் சீனாவின் தியான்ஜின் துறைமுகக் கிடங்கு வெடித்த வீடியோ 2022 பிப்ரவரியில் உக்ரைனாக மாறியது. 2021 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கின் மேல் பாகிஸ்தான் விமானம் என்று சுற்றிய காட்சி, வேல்ஸ் மலைகளுக்கு நடுவே தாழப் பறந்து பழகும் அமெரிக்க எஃப்-15 போர்விமானம். இவை எதிலும் படம் போலி இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மூலப் பிரதி கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பாருங்கள். 2020 ஆகஸ்ட் 4 பெய்ரூட் வெடிப்புக்குப் பிறகு, வானத்திலிருந்து ஏவுகணை இறங்குவது போல ஒரு வீடியோ பரவியது. அசலில் அந்த ஏவுகணை இல்லை, யாரோ வரைந்து சேர்த்திருந்தார்கள்.

படி 2: இது கேமா?

செக் நாட்டு போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ஆர்மா 3 என்ற கேம், கடந்த பத்தாண்டில் நடந்த அநேகமாக எல்லாப் போர்களிலும் "நேரடிக் காட்சி"யாக நடித்துவிட்டது. உக்ரைன், காசா, பஞ்ச்ஷீர், 2025 மே மாத இந்தியா-பாகிஸ்தான் மோதல் எல்லாமே அதில் அடக்கம். தொல்லை தாங்காமல் அந்த நிறுவனமே 2022 நவம்பரில் கேம் காட்சியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கம் வெளியிட்டது. உக்ரைனின் "கீவின் பேய்" விமானி என்று பரவிய வீடியோ டிசிஎஸ் என்ற விமான சிமுலேட்டரில் உருவானது. அப்படி ஒரு விமானி இல்லை, அது மக்கள் உருவாக்கிய வீரக்கதை என்று உக்ரைன் விமானப்படையே பிற்பாடு சொன்னது.

பாமரர்தான் ஏமாறுவார் என்றும் நினைக்கவேண்டாம். 2011இல் பிரிட்டனின் ஐடிவி, ஐஆர்ஏ என்ற அயர்லாந்து ஆயுதக் குழுவைப் பற்றிய ஆவணப்படத்தில் ஆர்மா 2 காட்சியை 1988ஆம் ஆண்டின் நிஜப் படம் என்று காட்டியது. 2017 நவம்பரில் ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம், அமெரிக்கா ஐஎஸ் அமைப்புக்குப் பாதுகாப்பு கொடுப்பதற்கு மறுக்க முடியாத ஆதாரம் என்று வெளியிட்ட படங்களில் ஒன்று, ஒரு கைப்பேசி கேமின் விளம்பர வீடியோவிலிருந்து வெட்டியது.

கேம் காட்சிக்குச் சில அடையாளங்கள் உண்டு. பெரும்பாலும் இரவு, மங்கல், தரம் குறைவு, வேண்டுமென்றே ஆடும் கேமரா. மனிதர்களே இருக்கமாட்டார்கள், இருந்தாலும் தூரத்தில் மரக்கட்டை மாதிரி நடப்பார்கள், ஏனென்றால் மனித அசைவுதான் கேமின் பலவீனம். சிதறும் துண்டுகளும் புகையும் ஒவ்வொரு வெடிப்பிலும் ஒரே வடிவத்தில் வரும். டாங்க் மண்ணில் போகும்போது மண் கிளம்பாது, தடம் பதியாது. சிவப்புக் கோடுகளாக வானத்தைத் துளைக்கும் விமான எதிர்ப்புத் துப்பாக்கி, தலைக்கு மேலே திரும்பித் திரும்பி வரும் ஒரே விமானம், பேச்சுச் சத்தமே இல்லாத பின்னணி மூன்றும் சேர்ந்து வந்தால் கேமின் பெயரைப் போட்டு யூடியூபில் தேடுங்கள், முக்கால்வாசி நேரம் அசல் அங்கேயே கிடைக்கும்.

படி 3: இடத்தைப் பிடியுங்கள்

உண்மையான உழைப்பு இங்கேதான். இடம் பிடிபடாத வீடியோவைப் பற்றி வேறு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சண்டையைப் பார்க்காதீர்கள், பின்னணியைப் பாருங்கள். மலைமுகடு, மசூதிக் கோபுரம், கைப்பேசி டவர், மின்கம்பத்தின் வடிவம், கடைப் பலகையின் எழுத்து, வண்டி எண் தகடு, சாலை ஓரக் கல்லின் நிறம். கேமரா பக்கவாட்டில் திரும்பும் வீடியோ என்றால் ஃபிரேம்களை ஒட்டி ஒரு நீளப் படமாக்கிக்கொள்ளுங்கள். அதைக் கூகுள் எர்த் புரோவில் கிடைக்கும் நிலப்பரப்போடு ஒப்பிடவேண்டும். ஒரு அடையாளம் பொருந்துவது போதாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து பொருந்தவேண்டும், பொருந்தாத ஒன்றுகூட இருக்கக்கூடாது.

2018இல் பிபிசி ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு செய்த வேலையை இதற்கு நல்ல பாடமாகச் சொல்லலாம். சீருடை அணிந்தவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் கூட்டிப்போய்ச் சுட்டுக்கொல்லும் வீடியோ அந்த ஜூலையில் வெளியானது. கேமரூன் அரசு அது பொய்ச் செய்தி, தங்கள் ராணுவம் இல்லை என்று மறுத்தது. வீடியோவின் முதல் சில நொடிகளில் தூரத்தில் ஒரு மலைத்தொடர் தெரிந்தது. கூகுள் எர்த்தில் தேடித் தேடி, நைஜீரிய எல்லை அருகே, வடக்குக் கேமரூனில் செலவெத் என்ற ஊர்ப்பக்கம் அந்த முகடு அப்படியே பொருந்துவதைப் பிடித்தார்கள். பிறகு மரங்கள், வீடுகள், பாதைகள் ஒவ்வொன்றாகச் செயற்கைக்கோள் படத்தோடு உட்கார்ந்தன.

இடம் பிடிபடுவதில் செட்டப்பே உடைந்துபோவதும் உண்டு. 2023 மார்ச்சில், காரில் குழந்தையோடு போகும் பெண்ணை "உக்ரைன் வீரர்கள்" மறித்து மிரட்டும் டேஷ்கேம் (காருக்குள் பொருத்திய கேமரா) வீடியோ ஒன்று வந்தது. சாலையை அடையாளம் கண்டவர்கள் அது கிழக்கு உக்ரைனில் டொனெட்ஸ்க் பக்கத்து மாகீவ்கா என்றார்கள். அது ரஷ்யக் கட்டுப்பாட்டில், போர்முனைக்கு நன்றாக உள்ளே இருக்கும் இடம். அங்கே உக்ரைன் படை சாவகாசமாக வண்டியை மறித்து நிற்க வழியே இல்லை.

படி 4: நாளைப் பிடியுங்கள்

இடம் தெரிந்துவிட்டால் நிழலே கடிகாரம். நிற்கிற ஆளின் உயரமும் நிழலின் நீளமும் சமம் என்றால் சூரியன் 45 டிகிரியில் இருக்கிறது. நிழல் விழும் திசை எந்தப் பக்கம் என்பது வரைபடத்திலிருந்து தெரியும். இந்த இரண்டையும் சூரியனின் நிலையைக் கணக்கிடும் சன்கால்க் போன்ற தளத்தில் வைத்து நாளையும் நேரத்தையும் நகர்த்திப் பார்த்தால் எது பொருந்துகிறது என்று தெரிந்துவிடும். ஒரு சிக்கல், ஒரே நிழல் வருஷத்தில் இரண்டு காலகட்டங்களுக்குப் பொருந்தும். அதனால் புல் காய்ந்திருக்கிறதா, பயிர் எந்த உயரம், மரத்தில் இலை உண்டா என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

கேமரூன் வழக்கில் இதை எல்லாம் அடுக்கியே நாளைப் பிடித்தார்கள். வீடியோவில் தெரிந்த கட்டடங்கள் சில செயற்கைக்கோள் படங்களில் இருந்தன, சிலவற்றில் இல்லை. அதை வைத்து 2014 நவம்பருக்கும் 2016 பிப்ரவரிக்கும் நடுவே என்று குறுக்கினார்கள். ஒரு ஒற்றையடிப் பாதை கோடையில் மட்டுமே தெரியும் என்பது மாதத்தைக் குறைத்தது. கடைசியில் நடந்துபோகும் ஆட்களின் நிழல், 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடையே என்று நிறுத்தியது. மறுத்த அரசே பிறகு ஏழு ராணுவத்தினரைக் கைது செய்தது, 2020இல் நாலு பேருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

கோப்புக்குள் பதிந்திருக்கும் தேதி, கருவி போன்ற தகவல்களையும் (மெட்டாடேட்டா) பாருங்கள், ஆனால் ரொம்ப எதிர்பார்க்காதீர்கள், பெரும்பாலான தளங்கள் அதை உரித்துவிட்டுத்தான் வெளியிடும். தப்பித்தவறி மிஞ்சினால் லாட்டரி. 2022 பிப்ரவரி 18இல் ரஷ்ய ஆதரவு டொனெட்ஸ்க் பிரிவினைவாதிகள் தரப்பு, போலிஷ் பேசும் நாசகாரர்கள் குளோரின் தொட்டியைத் தாக்க வந்தார்கள் என்று டெலிகிராமில் ஒரு வீடியோ போட்டது. கோப்புக்குள் இருந்த தேதி பிப்ரவரி 8. வெடிச்சத்தம், ஃபின்லாந்து ராணுவப் பயிற்சி பற்றி 2010இல் யூடியூபில் ஏறிய வீடியோவிலிருந்து எடுத்தது. நடிப்பு எப்படி இருந்தது என்று யாரும் வாதாடவே தேவைப்படவில்லை.

படி 5: இப்போதுதான், நடந்ததா, நடத்தினார்களா?

இடமும் நாளும் பொருந்தியபின் மிஞ்சுவது இது. இங்கே தனியாக எந்த அடையாளமும் தீர்ப்பு சொல்லாது, சேர்த்துத்தான் எடைபோடவேண்டும்.

கேமரா எங்கே நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். எதிரி இருப்பதாகச் சொல்லும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி, வீரர்களுக்கு முன்னால், வெட்டவெளியில் நின்று ஒருவர் அழகாகப் படமெடுக்கிறார் என்றால் அங்கே யாரும் சுடவில்லை. குண்டு விழப்போகிற மூலையை அது விழுவதற்கு முன்பே கேமரா கவனித்துக் காத்திருக்கிறதா? ஒரே நிகழ்வு இரண்டு கோணத்தில், வெட்டி ஒட்டி வருகிறதா? இதிலும் ஒரு எச்சரிக்கை. டிரோன் காலத்தில் மேலிருந்து காத்திருந்து படமெடுப்பது சாதாரணம். தலைக்கவசக் கேமரா இரண்டு பேரிடம் இருந்தால் இரண்டு கோணம் கிடைக்கும்.

ஆட்களைப் பாருங்கள். நிஜமாகச் சுடுபட்டுக்கொண்டிருப்பவர்கள் குனிவார்கள், சுவரோடு ஒட்டுவார்கள், பெரும்பாலான நேரம் ஒன்றுமே செய்யாமல் கிடப்பார்கள். நிஜச் சண்டை பார்ப்பதற்கு அலுப்பானது. எதிரியே திரையில் வராமல் முக்கால் மணி நேரம் போகும். யாரும் இலக்கைத் தேடாமல், நின்ற நிலையில் இடுப்பிலிருந்து மொத்தத் தோட்டாவையும் தீர்ப்பது கேமராவுக்கான வேலை. தோட்டா பட்டவர் பின்னால் தூக்கி எறியப்படுவது சினிமா, அவ்வளவு சின்ன உலோகத்துக்கு மனிதனைத் தூக்கும் விசை கிடையாது. நிஜத்தில் அநேகமாக நின்ற இடத்திலேயே சரிவார்கள்.

துப்பாக்கியின் வாயைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு அல்லது மஞ்சளில் சின்னப் பெட்டி போல ஏதாவது மாட்டியிருந்தால் அது வெற்றுத் தோட்டா சுடுவதற்கான அமைப்பு, அதாவது பயிற்சி. தலைக்கவசத்தைச் சுற்றிக் கறுப்புப் பொத்தான்கள் மாதிரி உணரிகள் இருந்தாலும் லேசர் பயிற்சிதான். தோளில் வைத்து ராக்கெட் ஏவினால் பின்பக்கமும் புழுதி பீறிடவேண்டும்.

வெடிப்பின் நிறம் நிறையச் சொல்லும். ராணுவ வெடிமருந்து கண் சிமிட்டும் நேரம் மின்னிவிட்டுச் சாம்பல், கறுப்பு, மண் நிறப் புழுதியாகக் கிளம்பும். மெதுவாக உருண்டு எழும் ஆரஞ்சுத் தீப்பந்து பெட்ரோல், சினிமாக்காரர்களுக்குப் பிடித்த சமாச்சாரம். எரிபொருள் கிடங்கோ வண்டியின் டாங்கியோ எரிந்தால் நிஜத்திலும் அப்படி வரும், ஆகவே என்ன எரிகிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒலிச் சோதனை, ஏனென்றால் இதை ஏமாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும், ஒரு கிலோமீட்டருக்கு மூன்று நொடி. படி 3இல் இடத்தைப் பிடித்துவிட்டீர்கள் அல்லவா, கேமரா நின்ற புள்ளியிலிருந்து வெடித்த புள்ளிவரை கூகுள் எர்த்தில் அளவுகோலைப் போடுங்கள். இரண்டு கிலோமீட்டர் வருகிறது என்றால், வெளிச்சம் தெரிந்த ஆறாவது நொடி வாக்கில்தான் சத்தம் கேட்கவேண்டும். வெளிச்சமும் "டும்"மும் ஒன்றாக வந்தால் ஒலியை யாரோ பிற்பாடு ஒட்டியிருக்கிறார்கள். அதற்காகக் காட்சியும் போலி என்று ஆகிவிடாது, பரபரப்புக்காகச் சத்தத்தை மட்டும் மாற்றுகிறவர்களும் உண்டு. துப்பாக்கிச் சூட்டிலும் இப்படித்தான். ரைஃபிள் தோட்டா ஒலியைவிட வேகமாக வரும், அதனால் சுடப்படுகிற பக்கத்தில் இருப்பவருக்கு முதலில் தலைக்கு மேலே "சடார்" என்று ஒரு வெட்டுச் சத்தம், அப்புறம்தான் தூரத்திலிருந்து "தொம்". தங்களை நோக்கிச் சுடுகிறார்கள் என்று சொல்லும் வீடியோவில் அந்தச் "சடார்" ஒன்றுகூட இல்லை என்றால் சந்தேகப்படலாம்.

படி 6: ஏஐ

இதைப் பற்றி விரிவாக எழுதிப் பயனில்லை, இன்று சொல்லும் அடையாளம் ஆறு மாதத்தில் காணாமல் போய்விடும். இப்போதைக்கு, ஏழெட்டு நொடித் துண்டுகளாக வெட்டி வெட்டி வருகிறதா, பலகை எழுத்து வாசிக்கமுடியாத கிறுக்கலா, ஆட்களின் எண்ணிக்கை நடுவில் மாறுகிறதா, ஆயுதத்தின் வடிவம் கைமாறும்போது உருகுகிறதா என்று பாருங்கள். "ஏஐ கண்டுபிடிப்பான்" தளங்களின் சதவீதத்தை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள், பலமுறை ஃபார்வர்டு ஆகி நசுங்கிய வீடியோவில் அவை தடுமாறும். ஏஐக்கு எதிராக நிலைத்து நிற்பது இடத்தைப் பிடிக்கும் வேலைதான். பெரிய வெடிப்பு நடந்த ஊரில் ஒரே ஒரு கைப்பேசி மட்டும் அதைப் பார்த்திருக்காது, வேறு கோணத்தில் இன்னொரு வீடியோ இருந்தே தீரவேண்டும்.

படி 7: "செட்டப்" என்ற குற்றச்சாட்டையும் அதே மாதிரி சோதியுங்கள்

சந்தேகப்படுவது புத்திசாலித்தனம் மாதிரி தெரியும், அதனால் இந்தப் பக்கம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. 2022 ஏப்ரலில் உக்ரைனின் புச்சா நகர வீடியோவில் பிணம் கையை அசைக்கிறது என்றார்கள். காரின் முன்கண்ணாடியில் இருந்த நீர்த்துளி வழியே படம் வளைந்தது, அவ்வளவுதான். ரஷ்யப் படை மார்ச் 30 வாக்கில் விலகியபின் உடல்களைக் கொண்டுவந்து போட்டார்கள் என்ற வாதத்துக்கு, மார்ச் நடுப்பகுதியிலேயே அதே தெருவில் அதே இடங்களில் உடல்கள் கிடப்பதைக் காட்டிய மாக்சார் செயற்கைக்கோள் படங்கள் பதில் சொன்னன. பிணப்பையிலிருந்து ஆள் அசையும் இன்னொரு வீடியோ, போர் தொடங்கும் முன்பே வியன்னாவில் நடந்த பருவநிலைப் போராட்டம்.

செட்டப்புக்குச் சாட்சி என்று படப்பிடிப்புத் தளக் காட்சிகள் வரும்போது, அது எந்தப் படத்தின் தளம் என்று தேடுங்கள். நிஜமாகவே செட்டப்பானவையும் உண்டு: 2014 நவம்பரில் சிரியச் சிறுவன் தோட்டாக்களுக்கு நடுவே ஓடிப்போய்ச் சிறுமியைக் காப்பாற்றும் வீடியோவை லட்சக்கணக்கில் பார்த்தார்கள். நார்வே இயக்குநர் ஒருவர் மால்டாவில் எடுத்தது என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார். அந்த ஒரு குறும்படத்தால் நிஜமான சிரிய வீடியோக்களை மறுப்பவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

படி 8: தீர்ப்பை எழுதும் விதம்

"உண்மை", "பொய்" என்று ஒற்றை வார்த்தையில் எழுதாதீர்கள். இடம் உறுதி, நாள் இந்த மாதத்துக்குள், கேம் இல்லை, சுட்டவர் யார் என்பது தெரியவில்லை என்று நாலு கேள்விக்கும் தனித்தனியாக எழுதுங்கள். பொருந்தாத விஷயம் இருந்தால் அதையும் போடுங்கள்.

இதற்கு உதாரணம் நமக்கு நன்றாகத் தெரிந்ததே. கண்களும் கைகளும் கட்டப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படும் இலங்கைக் காட்சியைப் பிரிட்டனின் சேனல் 4, 2009 ஆகஸ்டில் ஒளிபரப்பியது. இலங்கை அரசு தன் நிபுணர்களை வைத்து, போலி என்றது. ஐநா சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் தடயவியல் மருத்துவர், துப்பாக்கி நிபுணர், வீடியோ ஆய்வாளர் என மூவரிடம் கொடுத்து, 2010 ஜனவரியில் முடிவை வெளியிட்டார். துப்பாக்கியின் பின்னுதைப்பும் வாயு வெளியேற்றமும் நிஜத் தோட்டாவுக்கு ஒத்துப்போகின்றன, உடல்களின் எதிர்வினையும் ரத்தமும் ஒத்துப்போகின்றன, வீடியோவில் வெட்டோ அடுக்குச் சேர்ப்போ இல்லை, ஆகவே உண்மையானதாகவே தெரிகிறது என்றார்கள். அதே அறிக்கையில் விளக்கம் கிடைக்காத மூன்றையும் பட்டியலிட்டார்கள்: சிலரின் உடல் அசைவு, கடைசியில் வரும் 17 ஃபிரேம்கள், கோப்பில் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற தேதி. போர் முடிந்தது மே மாதம், தேதி ஜூலை, எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்தும் எழுதினார்கள். பிறகு நீளமான பிரதி வெளியானபோது, அடுத்து வந்த சிறப்பு அறிக்கையாளர் கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் மறுபடி ஆராயவைத்தார், 2011இலும் உண்மையானது என்ற முடிவே வந்தது.